பதினான்காம் நாள் வேது

நொயெமிக்குப் பால் கட்டிப் பதினோரு நாளாகிவிட்டது. குடிக்கப் பிள்ளை இல்லை. முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டியாயிற்று, பிழிந்து பார்த்தாயிற்று, மாமியார்க்காரி ஹெர்லிந்தா வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தும் பார்த்துவிட்டாள். மார் இரண்டும் கல்லாகக் கிடந்தன. கை பட்டால் போதும், நொயெமி உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். வாய்விட்டுக் கத்தினாலாவது தேவலை என்றிருந்தது ஹெர்லிந்தாவுக்கு.

அந்த ஜனவரி முழுக்க எரிமலை சாம்பலைத் துப்பிக்கொண்டே இருந்தது. காலையில் கதவைத் திறந்தால் கொய்யா இலைமேல் சாம்பல், கோழிமேல் சாம்பல், கொடியில் கிடக்கும் பாவாடைமேல் சாம்பல். முதல் நாலு நாள் எல்லாரும் தட்டினார்கள், துடைத்தார்கள். பிறகு கை சலித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார்கள். குளிர் வேறு எலும்பைக் கடித்தது.

ஹெர்லிந்தா அடுப்படியில் சோளமாவை உருட்டித் தட்டிக் கல்லில் போட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனார் தெல்ஃபினா கோழிச்சாறு நிறைந்த சட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் வந்தால் வாசலில் கோழி கூட ஒதுங்கி நிற்கும். அப்படியொரு வாய்.

"என்னளா, சாப்பிட்டாளா?"

"நேத்து வச்ச கூழு அப்படியே ஆறிக் கெடக்கு மதினி. ரெண்டு வாய் குடிச்சிருந்தா பெருசு."

"இன்னியோட பதினாலு நாளு. நாளையோட பதினஞ்சு. அதுக்குள்ள வேது வைக்காம விட்டியன்னா குளிரு எலும்புக்குள்ள போயி உக்காந்துரும். பெறகு எந்த டாக்டரு வந்து அத எடுப்பான்?"

"எனக்குத் தெரியாதா மதினி? தெனமும்தான் கேக்கேன். வாயே தொறக்க மாட்டேங்கா. கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டா போவ முடியும்?"

"ஊருல உள்ளவளுக்கெல்லாம் வேது வைக்கா, சொந்த மருமவளக் கெடப்புல போட்டுட்டான்னு சொல்லுதாளுவ."

"யாரு சொல்லுதா?"

"யாரு சொல்லணும்? நான்தான் சொல்லுதேன்."

ஹெர்லிந்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

தெல்ஃபினா சொன்னதில் பொய் இல்லை. அந்த மலைச்சரிவில் பிள்ளை பெற்ற எவளும் ஹெர்லிந்தாவின் கைபடாமல் எழுந்து நடமாடியதில்லை. வீட்டுக்குப் பின்னால், கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி, சட்டியைக் கவிழ்த்தது போல உட்கார்ந்திருந்தது அவர்கள் தெமஸ்கால். தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். பக்கத்து அடுப்பில் எரிமலைக்கல்லைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி உள்ளே தள்ளி, மூலிகைத் தண்ணீரை ஊற்றினால் ஆவி குப்பென்று எழும்; அந்த ஆவிதான் வேது. பெற்றவளைக் கோரைப்பாயில் கிடத்தி, மிளகுமரத் தழைக்கொத்தால் ஆவியை மேலிருந்து இறக்கி இறக்கி வயிற்றிலும் இடுப்பிலும் ஒற்றுவாள் ஹெர்லிந்தா. உள்ளே போகும்போது சுருண்டு கிடப்பவள் வெளியே வரும்போது பசிக்கிறது என்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தலைநகரத்திலிருந்து பவுலா வந்தாள். பக்கத்து நிலத்தை எடுத்து ஆறேழு குடில் கட்டினாள். மனசும் உடம்பும் களைத்துப்போனவர்கள் வந்து தங்கி, யோகா செய்து, கீரையைத் தின்று, சனிக்கிழமை சனிக்கிழமை ஹெர்லிந்தாவின் தெமஸ்காலில் உட்கார்ந்து வியர்த்துவிட்டுப் போவார்கள். தோளில் மேளத்தை மாட்டிக்கொண்டு, தொப்பியில் சந்தையில் வாங்கிய இறகைச் செருகிக்கொண்டு ஒருத்தனும் வருவான். ஹெர்லிந்தாவின் புருஷன் ஃபிதென்சியோ அவனைப் பார்த்தால், "ஏட்டி, நம்ம சேவலு ரெண்டு நாளா மொட்டையாத் திரியுதே, பாத்தியா?" என்பான். சனிக்கிழமையை வைத்துத்தான் வீட்டில் மற்ற ஆறு நாளும் அடுப்பெரிந்தது. மகன் எலாதியோ வடக்கே எல்லை தாண்டிப் போய் ஆப்பிள் தோட்டத்தில் வேலை பார்த்தான். அவன் போன் வந்தால் நொயெமி காதில் வைத்துக்கொண்டு கேட்பாள், பதில் சொல்லமாட்டாள். அவனும் அந்தப் பக்கம் அழுதுவிட்டு வைத்துவிடுவான்.

நொயெமிக்கு வலி கண்டதும் ஒரு சனிக்கிழமைதான். ஹெர்லிந்தா பதினான்கு விருந்தாளிகளோடு உள்ளே இருந்தாள். சடங்கு நடுவில் வாசலைத் திறக்கக்கூடாது என்பது பவுலா வைத்த சட்டம். வெளியே கல் காய்ச்சும் அடுப்பருகே நின்ற ஃபிதென்சியோ இரண்டு தடவை குரல் கொடுத்தான். மேளச் சத்தத்தில் உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. அவள் வெளியே வந்தபோது நொயெமி வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், நீர்க்குடம் உடைந்து கால் நனைந்திருந்தது. லாரியில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிள்ளை முந்தின நாளே வயிற்றுக்குள் அடங்கிவிட்டது, யார் என்ன செய்திருந்தாலும் பிழைத்திருக்காது என்றார் டாக்டர். நல்ல மனுஷன். ஆனால் அவர் சொன்னது ஹெர்லிந்தாவின் நெஞ்சுக்குள் இறங்கவில்லை. நூற்றுக்கு மேல் பிரசவம் பார்த்த கை, தன் வீட்டுப் பிள்ளைக்கு நேரம் வந்தபோது யார் யாருக்கோ முதுகு தேய்த்துக்கொண்டிருந்ததே என்ற நினைப்பில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தெல்ஃபினா சட்டியை இறக்கிவைத்துவிட்டுப் போய்க் கொஞ்ச நேரமிருக்கும். அடுப்படி வாசலில் நிழல் ஆடியது. நொயெமி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினான்கு நாளில் அவள் தானாக எழுந்து இவ்வளவு தூரம் வந்தது அதுதான் முதல்.

"அத்தே, இன்னிக்கு வேது வைக்கியளா?"

ஹெர்லிந்தாவின் கையிலிருந்த ரொட்டி நெருப்பில் விழுந்தது.

"வைக்கேன் தாயி. வைக்கேன். இப்பவே வைக்கேன்."

"மாரு தாங்கல அத்தே. வெட்டி எறிஞ்சுரலாமான்னு இருக்கு."

"அப்படிச் சொல்லாத. உக்காரு. இந்தச் சாற ரெண்டு வாய் குடி. நான் இந்தா வந்துட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, வாசலில் இறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்குச் சனிக்கிழமை. காலையிலிருந்து ஃபிதென்சியோ காய்ச்சிக்கொண்டிருந்த கல் விருந்தாளிகளுக்கான கல்.

பவுலா வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் துண்டுகளைச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஹெர்லிந்தா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது.

"இன்னைக்கா? பன்னிரண்டு பேர் இருக்காங்களே ஹெர்லிந்தாம்மா. ரெண்டு பேர் இதுக்குன்னே ஜெர்மனியிலிருந்து வந்திருக்காங்க. சாயங்காலம் கிளம்புறாங்க. நாளைக்குக் காலையில முதல் வேலையா நொயெமிக்கு வச்சிடலாமே."

"நாளைக்கு அவ மனசு மாறிட்டா? இன்னிக்குத்தாம்மா வாயத் தொறந்து கேட்டிருக்கா."

பவுலா யோசித்தாள். பிறகு ஹெர்லிந்தாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ எங்ககூடவே வரட்டும். இன்னைக்கு உள்ள வர்றது எல்லாருமே பெண்கள்தான். அவளை நடுவுல வச்சு சுத்தி உட்கார்ந்துக்கிறோம். அவளோட துக்கத்தை நாங்க பன்னிரண்டு பேரும் சேர்ந்து தாங்கிக்கிறோம். நல்லதுதான் நடக்கும், நம்புங்க."

அவள் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. அவளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. தெரிந்த அளவுக்கு அவளும் இரங்கினாள்.

ஃபிதென்சியோதான் குதித்தான். கல் தள்ளும் கவைக்கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "ஏட்டி, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? பெத்த உடம்ப ஊராங் கூட்டத்தோட கொண்டுபோயி உக்கார வைக்கேங்கியே. மொதச் சூடு பெத்தவளுக்குத்தான். நீயே எத்தன பேத்துக்குச் சொல்லியிருக்க?" என்றான்.

"எனக்கும் தெரியும். நாளைக்கு வரமாட்டேன்னு படுத்துக்கிட்டான்னா நீரு தூக்கிட்டு வருவீரா?"

"தூக்கிட்டு வாரேன்."

"ஆமா, ஒரு வெறவுக்கட்டத் தூக்கவே மூணு எடத்துல எறக்கி வைக்கீரு."

அவன் கல்லைப் புரட்ட ஆரம்பித்தான். அவன் பேசாமல் போனதே ஹெர்லிந்தாவுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் நொயெமியை அழைத்துவர வீட்டுக்கு ஓடினாள்.

உள்ளே இருட்டு. சிவந்த கல்லின் வெளிச்சத்தில் பன்னிரண்டு ஜோடி முழங்கால்கள் வட்டமாகத் தெரிந்தன. ஹெர்லிந்தா நொயெமியை நடுவில் விடவில்லை. தன் பக்கத்தில், சுவரோரம், பாயை விரித்துப் படுக்கவைத்தாள். முதல் செம்புத் தண்ணீரை ஊற்றியதும் ஆவி எழுந்து கூரையைத் தொட்டு இறங்கியது. யாரோ ஒருத்தி அம்மா என்றாள். வெளியே மேளம் நிதானமாகக் கேட்டது.

ஹெர்லிந்தா தழைக்கொத்தை எடுத்து ஆவியை நொயெமியின் அடிவயிற்றுக்கு இறக்கினாள். இடுப்பை அழுத்தினாள். தொடையைத் தேய்த்தாள். வயிறு இன்னும் தளர்ந்து, ஆள் இறங்கிப்போன தூளி போலக் கிடந்தது. அதன்மேல் கை வைத்தபோது ஹெர்லிந்தாவுக்குக் கண்ணை மறைத்தது. வியர்வையோடு வியர்வையாக அதுவும் போயிற்று. மார்மட்டும் இளகவில்லை.

பவுலா மெல்லிய குரலில் பேசினாள். ஒவ்வொருவரும் இந்த இருட்டில் எதை விட்டுவிட்டுப் போகப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள் என்றாள்.

"என் முன்னாள் கணவர் மேல இருக்கிற கோபத்தை விடுறேன்" என்றாள் ஒருத்தி.

"என் வேலையை."

"எங்க அம்மா சொன்னதையெல்லாம்."

"சர்க்கரையை" என்றாள் இன்னொருத்தி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

சுற்றிக்கொண்டு வந்து சுவரோரம் நின்றது முறை. கல் மட்டும் இரைந்தது.

"நொயெமி, நீ எதை விடப்போற?" என்று கேட்டாள் பவுலா, பிள்ளையிடம் கேட்பது போல.

"எங்கிட்ட ஒண்ணும் இல்லியே" என்றாள் நொயெமி.

அதற்குப் பிறகு அங்கே சிரிப்பு வரவில்லை. அந்த ஜெர்மன்காரிகளில் ஒருத்தி கையை நீட்டி நொயெமியின் பாதத்தைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நொயெமி காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

கடைசித் தண்ணீரும் ஊற்றியாயிற்று. ஃபிதென்சியோ வெளியிலிருந்து வாசல் போர்வையை விலக்கினான். மத்தியான வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. பவுலா எல்லாச் சனிக்கிழமையும் சொல்வதைச் சொன்னாள்.

"இப்போ நீங்க பூமித்தாயோட வயித்துக்குள்ள இருக்கீங்க. பிறக்கப்போறீங்க. வெட்கப்படாதீங்க. பிறந்த குழந்தை எப்படி அழும், அப்படி அழுதுக்கிட்டே வெளியில போங்க."

ஹெர்லிந்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருஷமாகக் கேட்டுக் கேட்டு அது அவள் காதில் விழுவதையே நிறுத்திவிட்டிருந்தது. அவளும் ஃபிதென்சியோவும் ராத்திரி சாப்பாட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பதுகூட உண்டு, எந்தப் பிள்ளைக்கு வயிற்றுவலி, எதற்குப் பசி என்று. இன்றைக்கு மட்டும் அதை விட்டுவிடுங்கள் என்று வேலியோரம் நின்று பேசியபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோன்றவேயில்லையே! பாவி, பாவி என்று தன்னைத்தானே வைதுகொண்டாள். அதற்குள் முதல் பெண் தவழ்ந்து வாசலைத் தாண்டி, வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஒவ்வொருத்தி போகும்போதும் ஹெர்லிந்தா அவள் பேரைச் சொல்லி, "வா, இருந்துராத" என்று இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். தன் பாஷையில்தான் கூப்பிடுவாள். அது ஏதோ ஆதிகாலத்து ஆசீர்வாதம் என்று பவுலா விருந்தாளிகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள். ஆசீர்வாதமெல்லாம் ஒன்றுமில்லை. சூட்டில் உடம்பு இளகும்போது ஆளின் நிழலும் இளகும், கூப்பிடாமல் விட்டால் உடம்பு வெளியே வந்துவிடும், நிழல் உள்ளேயே தங்கிவிடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நிழல் தங்கிய தெமஸ்காலில் பிறகு யாரையும் ஏற்ற மாட்டார்கள். உள்ளே போகிறவர்களை அது பிடித்து வைத்துக்கொள்ளும். வாசலைக் கல் வைத்து அடைத்துவிடுவதுதான். மேட்டுத்தெருவில் அப்படி அடைத்தது ஒன்று புல் மண்டிக் கிடக்கிறது. விருந்தாளி ஆனாலும் சரி, உள்ளூர்க்காரி ஆனாலும் சரி, ஒருத்தர் பேரையும் ஹெர்லிந்தா விட்டதில்லை. பிள்ளை பெற்றவளென்றால் இரண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். தாய்க்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று.

வெளியே இப்போது ஏழெட்டுப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். சிலர் நடித்தார்கள். சிலருக்கு நடிக்கப்போய் நிஜமாகவே வந்துவிட்டது. நொயெமியின் பாதத்தைத் தொட்ட ஜெர்மன்காரி போனதும்தான் விபரீதம். விக்கி விக்கி, மூச்சை இழுத்துப் பிடித்து, பெற்றுப் போட்ட சிசு அழுவது மாதிரியே அழுதாள் அவள்.

நொயெமி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"அத்தே."

"காதப் பொத்திக்கோ தாயி. அது வெறும் கூத்து."

"அத்தே, வருது."

ஹெர்லிந்தா கையை நீட்டினாள். நொயெமியின் மார்த்துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வெந்நீருக்கும் இலைக்கும் இளகாதது அந்த அழுகைக்கு இளகி, விரலிடுக்கில் வெதுவெதுப்பாக வழிந்து பாயில் விழுந்தது. பதினோரு நாள் பால். பிடிக்க ஒரு வாய் இல்லாமல் மண்ணில் இறங்கியது. நொயெமி குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பவுலாவும் வெளியே போய்விட்டாள். கடைசி ஆளை மட்டும் வாசலுக்கு வெளியே நின்றுதான் கூப்பிட வேண்டும். ஹெர்லிந்தா தவழ்ந்து வெளியே வந்து, முழங்காலில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"நொயெமி, வா, இருந்துராத."

பழக்கதோஷம். நாக்கு அடுத்த வார்த்தைக்குத் தானாக எழும்பிவிட்டது. "பிள்ள..." என்றவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

உள்ளே நொயெமி அசையவில்லை.

"அவனையும் கூப்பிடப் போறியளா அத்தே?"

ஹெர்லிந்தா இன்னும் குனிந்து உள்ளே கையை நீட்டினாள்.

"அவன் இங்கதான் இருக்கான்" என்றாள் நொயெமி. "பால் எறங்கிச்சுல்லா, அவன் இல்லாம எப்படி எறங்கும்?"

"தாயி, நீ மொதல்ல வெளிய வா."

"ஆசுபத்திரில ஐஸ் அறைக்குள்ள வச்சிருந்துதான் குடுத்தாவ. நான் தொட்டுப் பாத்தேன். கன்னம், கை, அந்தச் சின்னக் காலு, எல்லாம் அப்படிச் சில்லுன்னு கெடந்துச்சு. மாமா கொண்டுபோயி மண்ணுக்குள்ள வச்சுட்டு வந்தாவ. அங்கயும் குளிருதான. இங்க கதகதன்னு இருக்கு அத்தே. கூப்பிடாதிய. இருக்கட்டும்."

ஹெர்லிந்தா வாசல் கல்லைப் பிடித்துக்கொண்டாள். கூப்பிட்டால் அவன் வந்துவிடுவான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வந்து எங்கே போவான்? கல்லறை ஓரத்துக் குளிருக்குத்தான் போவான். கூப்பிடாவிட்டால் இந்த வாசல் இன்றோடு அடைந்தது. தெல்ஃபினாவின் மகளுக்குப் பங்குனி வாக்கில் நாள், அவளை எங்கே கிடத்துவது? சனிக்கிழமை போனால் அடுப்பு எப்படி எரியும்? இப்போது சும்மா இருந்துவிட்டு, இவள் தூங்கின பிறகு வந்து மெல்லக் கூப்பிட்டுவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த யோசனையும் வந்தது. வந்தவுடனேயே, முந்தின தடவை இந்தப் பிள்ளைக்கு வேண்டியபோது நான் வரவில்லையே என்று அதை உதறினாள்.

"சரி தாயி" என்றாள். "அவனக் கூப்பிடல."

"சத்தியமா?"

"ஒம் மேல ஆண. நீ மட்டும் வா. நொயெமி, வா, இருந்துராத."

நொயெமி தவழ்ந்து வந்தாள். வெயில் முகத்தில் பட்டதும் அதுவரை அடைத்துக் கிடந்ததெல்லாம் உடைந்து, அடிவயிற்றிலிருந்து ஓவென்று கதறினாள். வெள்ளைத் துண்டுகளைப் போர்த்திக்கொண்டு கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர்களில் ஒருத்தி மகிழ்ச்சியில் கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். "நீயும் பிறந்துட்டே!" என்று யாரோ கத்தினாள். ஜெர்மன்காரி மட்டும் தட்டவில்லை. தன் துண்டை அவிழ்த்துக் கொண்டுவந்து நொயெமியின் மேல் போர்த்தினாள்.

தெல்ஃபினா எங்கிருந்தோ வந்து சேர்ந்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் நொயெமியைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனாள். "பசிக்கி பெரியம்மா" என்று நொயெமி தேம்பலுக்கு நடுவில் சொன்னது ஹெர்லிந்தா காதில் விழுந்தது.

ஹெர்லிந்தா போர்வையை இறக்கி வாசலை மூடினாள். நாலு பக்கமும் காற்றுப் புகாமல் செருகினாள். பிறகு பக்கத்தில் கிடந்த கற்களைப் பொறுக்கி வாசலில் அடுக்க ஆரம்பித்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்றான் ஃபிதென்சியோ.

"ஒரு பேருதான் கூப்பிட்டேன்."

அவன் தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கனமான கல்லாகப் பார்த்துத் தூக்கிவந்தான். வழியில் எங்கும் இறக்கி வைக்கவில்லை. அடுப்பில் மிச்சமிருந்த சூட்டுக்கல் இரண்டைக் கவைக்கம்பால் உள்ளே தள்ளிவிட்டு, அந்தத் துவாரத்தையும் மண்ணைக் குழைத்துப் பூசினான். அழுதுகொண்டேதான் பூசினான்.

விருந்தாளிகளைப் படமெடுக்க நிறுத்திவிட்டு பவுலா அந்தப் பக்கம் வந்தாள். பாதி வாசல் அடைபட்டிருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"என்ன பண்றீங்க ஹெர்லிந்தாம்மா? அடுத்த சனிக்கிழமை பதினெட்டு பேர் வர்றாங்களே."

"இனிமே ஆகாதும்மா. உள்ள ஆளு இருக்கு."

"ஆளா? எல்லாரும் வெளியில வந்தாச்சே! நான்தான் எண்ணினேனே. யாரு உள்ள?"

ஹெர்லிந்தா கையிலிருந்த மண்ணைக் கல்லிடுக்கில் வைத்து, கட்டைவிரலால் மெல்ல அழுத்தினாள்.

"மெதுவாப் பேசுங்கம்மா. எங்க வீட்டுப் பிள்ள. இப்பதான் கண்ணசந்திருக்கான்."